பதுவை: அந்தோணியார் கல்லறையும் வட்டிக்காரரின் மகன் எழுப்பிய ஆலயமும்

உவரியிலும் புளியம்பட்டியிலும் 'கோடி அற்புதரே' என்று மன்றாடி வளர்ந்த நமக்கு, இத்தாலியின் பதுவை நகரில் புனித அந்தோணியாரின் கல்லறையைத் தொட்டு வணங்கும் பேறு எளிதில் வாய்ப்பதன்று. இறைவன் அருளால் எனக்கு அது வாய்த்தது. கல்லறையின் பின்புறப் பளிங்குப் பலகையில் உள்ளங்கையைப் பதித்து மக்கள் கண்மூடி நிற்கிறார்கள். நோயுற்றோரின் படங்களை அங்கே வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

வரிசையில் நகர்ந்தபோது, கல்லறையைச் சூழ்ந்த பளிங்குப் புடைப்புச் சிற்பங்களில் ஒன்று என்னை நிறுத்தியது. இறந்துபோன கஞ்சன் ஒருவனின் மார்பில் இதயம் இல்லாமல் போக, அது அவனுடைய பணப்பெட்டியில் கிடந்த அற்புதத்தைத் துல்லியோ லொம்பார்தோ 1525-இல் செதுக்கியிருக்கிறார். "உங்கள் செல்வம் எங்கு உள்ளதோ அங்கே உங்கள் உள்ளமும் இருக்கும்" என்ற ஆண்டவரின் வாக்கே அந்தக் கதையின் வேர். கடனாளிகளின் கண்ணீரை அந்தோணியார் நேரில் கண்டவர். உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1231 மார்ச்சில் பதுவை நகர் சட்டம் இயற்றியது அவருடைய வேண்டுகோளின்பேரில்தான். அதே ஆண்டு ஜூன் 13 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்த பின்னும் வட்டித் தொழில் அந்நகரில் ஓயவில்லை. அதில் பெரும் பொருள் ஈட்டியவர் ரெஜினால்தோ ஸ்க்ரோவெஞ்ஞி. கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவரைக் கழுத்தில் பணப்பை தொங்க நரகத்திலேயே உட்கார வைத்தார். ரெஜினால்தோவின் மகன் என்ரிகோ, பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை 1300-இல் வாங்கி, அன்னை மரியாவின் பெயரில் ஓர் ஆலயம் எழுப்பினார். தந்தையின் பாவத்துக்குப் பரிகாரமாகவே கட்டினார் என்பது வழிவழி வந்த பேச்சு. 1305 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று அது அர்ச்சிக்கப்பட்டது. சுவரோவியங்களைத் தீட்டியவர் ஜியோத்தோ.

ஈரப்பதமும் தூசியும் ஓவியங்களைக் கெடுக்காதிருக்க, முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் காத்திருக்கச் செய்து, பிறகு சிறு குழுவாக உள்ளே அனுப்புகிறார்கள். நீல விதானமெங்கும் பொன் விண்மீன்கள். பலிபீட வளைவின் ஒரு பக்கத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் பணப்பையை வாங்குகிறான், அவன் முதுகுக்குப் பின்னே கருநிறச் சாத்தான் நிற்கிறது. மறுபக்கத்தில் மரியாவும் எலிசபெத்தும் தழுவிக்கொள்கிறார்கள். கீழ்வரிசையில் அன்பு என்னும் நற்பண்பு ஒரு பெண்ணாக நின்று, பணமூட்டைகளைக் காலடியில் மிதித்தபடி தன் இதயத்தை இறைவனிடம் நீட்டுகிறது.

வாயிற்சுவர் முழுவதும், உலக முடிவில் இறைவன் எல்லாருக்கும் தீர்ப்பளிக்கும் பொதுத்தீர்வைக் காட்சி. சிலுவையின் அடியில், மீட்கப்பட்டோர் பக்கம், ஊதா நிற உடையில் முழந்தாளிட்டிருக்கும் என்ரிகோ ஆலயத்தின் சிறு வடிவத்தைத் தேவதாயிடம் காணிக்கையாக ஏந்துகிறார். ஒரு குருவானவர் அதன் பாரத்தைத் தோளில் தாங்குகிறார். மறுபக்கத்து நரகத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றாலேயே தூக்கில் தொங்குகிறார்கள். செலவை ஏற்ற குடும்பத்தின் பாவத்தை அந்தக் குடும்பத்தின் கோயிலிலேயே மறைக்காமல் தீட்டியதும், அதை என்ரிகோ அப்படியே ஏற்றுக்கொண்டதும் என்னை உருக்கின. புரவலர் பெயரை மட்டும் பொறித்துச் சென்ற எத்தனையோ மாளிகைக் கோயில்களைவிட இது உயர்ந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் அக்காலத்தவர் எல்லாரும் அப்படி எண்ணவில்லை. பக்கத்தில் வாழ்ந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள், குடும்பத்துக்கான சிறிய ஆலயத்துக்கு அனுமதி பெற்றுவிட்டு மணிக்கூண்டோடு பெரிய ஆலயம் கட்டுவதாகவும், இது இறைமகிமையைவிட வீண்பெருமைக்கே உதவும் என்றும் 1305 ஜனவரியில் முறையிட்டார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வட்டிக்குப் பலியானவர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில் எங்கும் இல்லை. என்ரிகோ 1336-இல் வெனிஸில் இறந்தார். அவர் கல்லறை பலிபீடத்துக்குப் பின்னே இருக்கிறது.

பதுவைக்குத் திருப்பயணம் வருவோர் பேராலயத்தோடு திரும்பிவிடாமல், முன்பதிவு செய்துகொண்டு இந்த ஸ்க்ரோவெஞ்ஞி ஆலயத்துக்கும் வந்து, முதலில் அந்த வாயிற்சுவரின் முன் நின்று செபிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.