அலைனர் மங்குவதற்குக் காரணம் ஒன்றல்ல

கம்பி கட்டாமல் பற்களை வரிசைப்படுத்தும் நிறமற்ற பிளாஸ்டிக் உறைகளான அலைனர்களை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வரை அணிந்திருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு ஜோடியையும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் மாற்றிவிடுவார்கள் என்பதும் சிகிச்சை தொடங்கும்போதே எனக்குச் சொல்லப்பட்டிருந்தன. இவ்வளவு குறுகிய காலம் புழங்கும் ஒரு பொருளுக்குப் பராமரிப்பு என்று பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றியது. ஆனால் முதல் ஜோடியை மாற்றும் நாள் வருவதற்கு முன்பே அதன் பளபளப்புப் போய், பனி படர்ந்தாற்போல் ஆகிவிட்டது. பேசும்போது எதிரில் இருப்பவர் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே தேர்ந்தெடுத்த ஒன்று, இப்போது பல்லைவிட முன்னால் தெரிந்தது.

பல் துலக்கும்போது அதே பிரஷ்ஷால், அதே பற்பசையால் அலைனரையும் தேய்த்துவிடுங்கள் என்பதே கிளினிக்கில் கிடைத்த அறிவுரை. அதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. பற்பசையில் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற உராய்வுத் துகள்கள் உண்டு. பல்லின் எனாமலுக்கு ஏற்ற அளவில் அமைந்த அந்த உராய்வை, எனாமலைவிடப் பல மடங்கு மென்மையான பிளாஸ்டிக் தாங்குமா? எனவே அடுத்த ஜோடியில் மேல்வரிசை உறையைப் பற்பசையாலும், கீழ்வரிசை உறையை நிறமும் வாசனையும் இல்லாத திரவ சோப்பைக் கொண்டு, மிக மென்மையான தனி பிரஷ்ஷாலும் கழுவி வந்தேன். மாற்றும் நாளில் இரண்டையும் விளக்கின் அடியில் சாய்த்துப் பார்த்தபோது மேல் உறையின் முன்பக்கம் முழுவதும் நூல் நூலாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. கீழ் உறையின் முன்பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பிளாஸ்டிக் வெளுத்துத் தெரிகிறது. அந்தப் பள்ளங்களில் கிருமிப்படலமும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. வெண்மையாக்கும் பற்பசைகள் சிலவற்றில் உராய்வு இன்னும் அதிகம். கீறல் விழுந்தபின் எந்தக் கரைசலில் ஊறவைத்தாலும் தெளிவு திரும்பாது என்பதால், பற்பசையை அலைனர் பக்கமே கொண்டுபோவதை அன்றோடு நிறுத்தினேன்.

ஆனால் சோப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கீழ் உறையின் உட்புறத்தில், நாக்கு தொடும் பக்கமாக, முன்பற்களின் நேரே வெண்மையான ஒரு திட்டு இருந்தது; நகத்தால் தடவினால் மணல்தாள் போலச் சொரசொரத்தது. நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறக்கும் இடம் அதுதான். உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து பற்காரை முதலில் உருவாகும் இடமும் அதுவே. பல்லில் நடப்பது அலைனரிலும் நடக்கிறது. இந்தப் படிவு சோப்புக்கு அசையாது, அமிலத்துக்குத்தான் கரையும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்து, அதில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தபோது திட்டு இளகி வந்துவிட்டது. வாடை போக நன்றாக அலச வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வினிகரை ஹைட்ரஜன் பெராக்சைடுடனோ ப்ளீச்சுடனோ ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் தீங்கான வேதிப்பொருள்கள் உண்டாகும்.

மூன்றாவது வகை மங்கல்தான் நாள்தோறும் வருவது: உமிழ்நீரின் புரதங்களும் கிருமிகளும் சேர்ந்த வழவழப்பான மெல்லிய படலம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் காலையில் கழற்றும்போது இது தடிமனாக இருக்கும். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரிலேயே பெரும்பகுதி போய்விடும், காய்ந்துவிட்டால் இறுகிக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டபின் என் வழக்கம் முழுவதும் ஒரே விதியைச் சுற்றி அமைந்தது: கழற்றிய கையோடு அலச வேண்டும். சாப்பிட்டு முடித்து வந்து கழுவிக்கொள்ளலாம் என்று அப்படியே டப்பாவில் போட்டு மூடினால், அந்த அரை மணி நேரத்தில் காயும் உமிழ்நீரே மங்கலுக்கு வித்திடுகிறது. என்னைக் கேட்டால், விலை கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும்விட இந்த ஓர் அலசல்தான் அதிகப் பலன் தருகிறது.

உறை பல்லை இறுகப் பிடிப்பதற்காகப் பற்களின் மேல் ஒட்டியிருக்கும் அட்டாச்மென்ட் என்ற சிறு மேடுகளுக்காக உறையில் சிறு குழிகள் இருக்குமல்லவா, அவற்றுக்குத் தனி கவனம் தேவை. பிரஷ்ஷின் நார்கள் அவற்றின் மூலைகளை எட்டுவதில்லை. சோப்புநீரில் நனைத்த பஞ்சு நுனிக்குச்சியை ஒவ்வொரு குழியிலும் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், வெளியில் சுத்தமாகத் தெரிந்த அலைனரிலிருந்தும் மஞ்சள் நிறமாக ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும்.

தண்ணீரில் நுரைத்துக் கரையும் சுத்திகரிப்பு மாத்திரைகளையும் அவ்வப்போது பயன்படுத்துகிறேன். அவை படலத்தை இளக்குகின்றன, நாற்றத்தைப் போக்குகின்றன. ஆனால் ஊறியபின் பிரஷ்ஷால் தேய்க்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். இவற்றில் பலவற்றில் பெர்சல்பேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது சிலருக்கு ஒவ்வாமை தருவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-இல் எச்சரித்திருக்கிறது. எனவே மாத்திரைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். ஊறவைத்தபின் நன்றாக அலசாமல் வாயில் வைக்கவும் கூடாது. வண்ண மவுத்வாஷில் ஊறவைப்பதை நான் தவிர்த்துவிட்டேன், அதன் நிறம் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்கிறது. காபி, தேநீர்க் கறையும் அப்படித்தான். குறிப்பாகப் பாலியூரித்தேன் வகை அலைனர்கள் இவற்றின் நிறத்தை எளிதில் இழுத்துக்கொள்கின்றன. குடித்தபின் பல் துலக்க முடியாவிட்டாலும் வாயையாவது நன்றாகக் கொப்பளித்துவிட்டு அணிய வேண்டும்.

எதைச் செய்தாலும் தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. ஓர் அலைனர் ஒரு பல்லை நகர்த்தும் தூரம் பொதுவாகக் கால் மில்லிமீட்டர் அளவுதான். அந்த அளவு வேலைக்காக வார்த்த பிளாஸ்டிக், வெந்நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் நெளிந்தாலே போதும், பல் போக வேண்டிய இடம் மாறிவிடும். கடைவாய்ப் பகுதியின் மேற்பரப்பில் மட்டும் மங்கல் இருந்தால், அது பெரும்பாலும் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் ஏற்பட்ட தேய்மானமாக இருக்கும். அதைக் கழுவிப் பயனில்லை, மருத்துவரிடம் காட்டுவதே சரி.

அலைனர் போடும் டப்பாவையும் தினமும் சோப்பால் கழுவித் திறந்தபடி உலர்த்துகிறேன். முந்தைய ஜோடியைத் தூக்கி எறியாமல், புதியது தொலைந்தாலோ உடைந்தாலோ உதவும் என்று வைத்திருக்கச் சொல்வார்கள். அதை வினிகர் நீரில் ஒருமுறை ஊறவைத்து, தேய்த்து, ஈரம் போக உலர்த்தி வைத்தால்தான் தேவைப்படும் நாளில் வாயில் வைக்கும்படி இருக்கும். சிகிச்சை முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க இரவில் அணியும் ரிடெய்னர் என்ற தெளிவான உறைக்கும் இதே முறைதான். அதை வாரக்கணக்கில் மாற்றாமல் நீண்ட காலம் அணிவதால், கால்சியப் படிவைக் கரைக்கும் வேலையை மட்டும் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.