திரும்பத் திரும்ப வந்த சலக்கடுப்பு

சலம் போகும்போது சுள்ளென்ற எரிவு. எழுந்து வந்தவுடனே மறுபடியும் முட்டும். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அடிவயிற்றில் பாரம், கலங்கிய நிறம், ஒரு கெட்ட நாற்றம். சலக்கடுப்பு, அதாவது சிறுநீர்த் தொற்று, வந்த பெண்ணுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரே கச்சான் காலத்துக்குள் அது திரும்பத் திரும்ப வந்தது. வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "உடம்பில் சூடு ஏறிவிட்டது." திருகோணமலையில் அந்தக் காய்ந்த காற்று அடிக்கும் மாதங்களில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். செவ்விளநீர், பார்லித் தண்ணீர், எண்ணெய் முழுக்கு எல்லாம் நடந்தன. எரிவு கொஞ்சம் தணிந்தது, நோய் போகவில்லை.

அது எப்படிப் போனது என்பதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் காய்ச்சலைப் பற்றி வாசலில் நின்று பேசுவார்கள், இதைப் பற்றிக் கூடப்பிறந்த அக்காவிடம்கூடத் தயங்கித்தான் சொல்வார்கள். அந்தத் தயக்கம் சிறுநீரகம் வரை கொண்டுபோய்விடக் கூடியது.

நகரில் நான் முதலில் போன தனியார் மருத்துவ நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். சலத்தைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. மாத்திரை போட்டால் சில நாள் சுகம், பிறகு பழையபடி. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த வைத்தியர் ஒரு பெண். பேனாவை எடுப்பதற்கு முன் அவர் கேட்டது: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? எவ்வளவு நேரம் அடக்கி வைக்கிறீர்கள்? இதுவரை யாராவது கல்ச்சர் செய்தார்களா?" கல்ச்சர் என்றால் சலத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவையோ, ஒரு வருடத்துக்குள் மூன்று தடவையோ வந்தால் அதைத் தனித்தனி நோயாகப் பார்க்கக் கூடாது என்றார். சாப்பிடாமல் எடுக்கும் இரத்தச் சீனி, கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன், எல்லாவற்றுக்கும் முன்னால் கல்ச்சர். "முதல் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன்பே சலத்தைக் கொடுத்துவிட வேண்டும், டீச்சர். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வரும்." நான் இதை எழுதுவதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

சலம் எடுத்துக் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தாதி கையில் தந்த சிறிய போத்தல் கிருமி நீக்கப்பட்டது. அதன் மூடியைக் கழற்றினால் கவிழ்த்து வைக்கக் கூடாது, உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. முதலில் கையைக் கழுவி, பிறகு அந்த இடத்தை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். முதலில் வரும் சலத்தை வெளியே விட்டுவிட்டு, இடையில் வருவதைப் போத்தலில் பிடித்து, மிச்சத்தை மறுபடி வெளியே விட வேண்டும். தோலில் இருக்கும் கிருமிகளை முதலில் வருவது அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆய்வுகூடத்தில் எனக்கு முன்னால் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து அம்மா ஒருவர் நின்றார். அதிகாலையில் வீட்டில் எடுத்த சலத்தை ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அங்கிருந்தவர் வாங்கவில்லை. "எடுத்து இரண்டு மணிநேரத்துக்குள் வர வேண்டும் அம்மா, இல்லையென்றால் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். இந்த வெயிலில் போத்தலுக்குள்ளேயே கிருமி பெருகிவிடும். இங்கேயே புதிதாக எடுத்துத் தாருங்கள்" என்று புதுப் போத்தல் கொடுத்தார். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. இந்த விவரத்தை ஊரில் வைத்தே யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு எடுப்பதுதான் நல்லது.

கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும், கிருமி வளர்ந்து காட்ட வேண்டுமே. என் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற பற்றீரியா ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் என்றிருந்தது. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். கீழே மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து: எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. நான் அத்தனை நாளும் விழுங்கிய மாத்திரைக்கு எதிரே ஆர் என்று அச்சாகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, இன்றும் அது ஆறவில்லை. ஒரு பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்துக்காக ஒரு பெண் மாதக்கணக்கில் எரிந்துகொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

வைத்தியர் நைட்ரோபுரன்டோயினுக்கு மாற்றினார். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சலம் மண்ணிறமாகப் போனால் பயப்படக் கூடாது, எரிவு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். என் மருந்து இன்னொருவருக்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் பிரசவத்தை நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் இதே மாத்திரை ஆகாது.

ஸ்கேனிலும் சீனியிலும் குறை இல்லை. அப்படியென்றால் ஏன் எனக்கு வந்தது என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பெண்ணின் சிறுநீர் வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர், ஆணுக்கு 20 வரை. குடலில் சாதுவாகக் கிடக்கும் ஈ.கோலை மலவாசலிலிருந்து அந்தச் சிறிய தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. வெயில் கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் வியர்வையில் தண்ணீர் போய், நாம் குடிப்பதும் குறைந்தால் சலம் அரிதாகிறது, உள்ளே போன கிருமியை வெளியே தள்ள ஆள் இல்லை. வீட்டார் சொன்ன "சூடு" முழுப் பொய்யல்ல, பாதி உண்மை. தாம்பத்திய உறவின்போதும் கிருமி உள்ளே தள்ளப்படுகிறது என்று அவர் கூச்சமில்லாமல் சொன்னார், நானும் அப்படியே எழுதுகிறேன். இதில் கணவன்மேலும் மனைவிமேலும் பழி இல்லை. முடிந்தவுடன் எழுந்து சலம் கழித்துவிடுவது நல்லது. விந்தணுக் கொல்லி மருந்து பாவிப்பவர்களுக்கு ஆபத்து கூடும், அவர்கள் வேறு கருத்தடை முறை பற்றிக் கேட்கலாம். வாசனைச் சவர்க்காரமும் உட்புறக் கழுவலும் வேண்டவே வேண்டாம், அங்கே நமக்குக் காவலாக இருக்கும் நல்ல பற்றீரியாக்களை அவை அழித்துவிடும்.

தண்ணீரைப் பற்றி 2018 இல் வெளியான ஓர் ஆய்வை அவர் சொன்னார். அடிக்கடி தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேர் தினமும் மேலதிகமாக ஒன்றரை லீற்றர் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. காசு செலவில்லாத மருந்து இது. பார்லியும் இளநீரும் உதவுவதும் தண்ணீராகத்தான், அவற்றை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

அம்மாவுக்கும் இதே தொல்லை இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைந்து அங்குள்ள தோல் மெலிவதும் ஒரு காரணம் என்றும், அதற்கு உள்ளே பூசும் கிறீம் இருக்கிறது என்றும் அறிந்து அவரையும் கூட்டிப்போனேன். முதலில் வெட்கப்பட்டார், இப்போது தானாகவே கேட்டு வாங்குகிறார்.

ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் முதுகில் நோவு, வாந்தி என்றால் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகள், நீரிழிவுக்காரர், ஆண்கள், சிறுபிள்ளைகள் ஆகியோருக்கு இலேசான எரிவு வந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இனி அடக்கி வைப்பது. நான் படிப்பிப்பது மூதூருக்கு அப்பால். விடியுமுன் பஸ் ஏறினால் பாடசாலை விட்டு வீடு திரும்பும்வரை போகாமல் இருக்க வேண்டும் என்று, ஆசிரியைகள் பலர் காலையில் தேத்தண்ணீரைக்கூடப் பாதியோடு வைத்துவிடுகிறோம். பிள்ளைகளும் அப்படித்தான். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத பைப், வாளி இருந்தால் கோப்பை இல்லை. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று அந்தப் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்வது?

அதிபரிடம் இதைச் சுகாதாரப் பிரச்சினையாகவே சொன்னேன், அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். பெற்றோர் சிலர் வந்து தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்கள், மூடியோடு ஒரு குப்பைவாளியும் வந்தது. என் வகுப்பில் பாட நேரத்தில் யார் எழுந்து கேட்டாலும் அனுப்புகிறேன். இப்போது மேசையில் போத்தல் வைத்துக் குடிக்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். எனக்கும் முன்போல் வருவதில்லை. இடையில் ஒரு தடவை எரிவு தொடங்கியபோது நேரே போத்தலைக் கேட்டு வாங்கினேன், மாத்திரை பிறகுதான். பின்பக்கக் கட்டடத்துப் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு மட்டும் இன்னும் பைப் இழுக்கவில்லை. அடுத்த அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் முதல் விடயமாக அதை வைக்கச் சொல்லியிருக்கிறோம்.