கருப்பட்டியும் சீனிதான்

கருப்பட்டியும் சீனிதான். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் காய்ச்சியது, கலப்படமே இல்லாதது, தெரிந்தவர் வீட்டில் வாங்கியது, எதுவாக இருந்தாலும் சீனிதான். எனக்குச் சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வது ஒன்றே: "வெள்ளைச் சீனிய நிப்பாட்டிட்டுக் கருப்பட்டிக்கு மாறிருங்க தம்பி, ஒண்ணும் செய்யாது." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டுக் காலையும் மாலையும் கருப்பட்டிக் காப்பி குடிக்கிற சுகர்காரர்கள் நம் கடற்கரை ஊர்களில் நிறைய இருக்கிறார்கள் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பதநீரைச் சுண்டக் காய்ச்சினால் வருவது கருப்பட்டி. பதநீரில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். கரும்பிலிருந்து எடுத்துக் கடையில் விற்கிற சீனியும் அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியில் தாதுச்சத்து கூடக் கொஞ்சம் இருக்கிறது. அதற்காக இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை ஏறாமல் போகாது. பனையேறுகிறவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும், அந்தத் தொழில் வாழ வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். சுகர் இல்லாதவர்கள் வாங்கிச் சாப்பிடட்டும். நமக்கு அது மருந்தில்லை.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 45. விசைப்படகு கரைக்கு வருகிற நாளில் விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்விட வேண்டும். ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறேன், தண்ணீர் குடித்துக் குடித்தும் நா வறள்கிறது என்று கவனித்தது என் மனைவிதான். வெறும் வயிற்றில் 171, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 264, எச்பிஏ1சி 8.6 என்று ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5, இவற்றைத் தொட்டாலே சுகர் என்பார்கள். நான் தாண்டியே போயிருந்தேன்.

இந்த எச்பிஏ1சி என்ன என்று டாக்டர் விளக்கிய விதம் கணக்கு எழுதுகிற எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அத்தனை நாளும் அதன்மேல் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து யாரையும் ஏமாற்ற முடியாது. இரண்டு மூன்று மாதத்துப் பேரேடு முழுக்க அதில் இருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மெட்ஃபார்மின் 500 மி.கி., காலையும் இரவும் சாப்பாட்டோடு. முதல் வாரம் வயிறு கொஞ்சம் புரட்டியது, பிறகு சரியாகிவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் பற்றித்தான் இதில் நிறைய எழுதப் போகிறேன், ஆனாலும் மாத்திரையை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. வெந்தயம், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி என்று வீட்டுக்கு வந்து சேராத பொருளில்லை. வெந்தயத்தில் நார்ச்சத்து இருக்கிறது, ஊறவைத்துச் சாப்பிடுகிறேன். மாத்திரைக்குப் பதிலாக இல்லை.

இனி சோற்றுக்கு வருகிறேன். நம் பக்கத்துச் சாப்பாட்டில் மீன் மேல் பழி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சாளையும் நெத்திலியும் முரலும் பாறையும் விளைமீனும் கரையிலேயே கிடைக்கிற ஊரில் பிறந்தது சுகர்காரனுக்குப் பெரிய கொடுப்பினை. மீனில் மாவுச்சத்து இல்லை, புரதம் இருக்கிறது. சாளை போன்ற மீனில் இருதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பும் இருக்கிறது. நம் தட்டில் சிக்கல் வேறிடத்தில். குவித்து வைத்த சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். காய் என்று ஒன்று இருக்காது. மணல் பூமி, காய்கறி ராமநாதபுரத்துச் சந்தையிலிருந்து வர வேண்டும், அதனால் அந்தப் பழக்கமே நமக்கு வேரூன்றவில்லை. ஆனால் முருங்கை நிற்காத வீடு எது?

வீட்டிலேயே இரத்தச் சர்க்கரை பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன். ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்லும்போது என் உடம்பு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒருநாள் மத்தியானம் வேண்டுமென்றே வழக்கமான சாப்பாடு: நாலு கரண்டி சோறு, பாறைமீன் குழம்பு. இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்தால் 258. அடுத்த வாரம் அதே பாறைமீன் குழம்பு, அதே நேரம். இந்தத் தடவை முதலில் ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியலும் கொஞ்சம் அவரைக்காயும், அதன் பின்னால் மீன், கடைசியாக ஒன்றரைக் கரண்டி சோறு. சாப்பிட்டதும் படுக்காமல் மீன் கம்பெனிக் கொட்டகைக்குள்ளேயே கால்மணி நேரம் நடந்தேன். 169. மீட்டரை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ சோறு கடைசியிலதான்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பரிமாறுகிற வரிசையே மாறிவிட்டது.

காயும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வருகிற மாவுச்சத்து மெதுவாகச் செரித்து மெதுவாக ஏறுகிறது. நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் சாப்பிட்ட பின் நடக்கிற அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அவ்வளவு பலன். சாயங்காலம் தனியாக நாற்பது நிமிடம் நடக்கிறேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தென்கடல் ஓரமாகக் காற்றை எதிர்த்து நடந்தால் நல்ல வேலை வாங்கும். மணலில் போவதில்லை, தார்ச்சாலைதான், காரணம் பின்னால் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குத்தான் இது ஒப்பவில்லை. "ஒன்றரைக் கரண்டி சோறு திங்கவா ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிற?" என்று இன்றைக்கும் மனம் வருந்துகிறார். சோறு குறைந்த இடத்தில் மீன் ஒரு துண்டு கூடியிருக்கிறது, பசி இல்லை அம்மா என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ராத்திரிக்கு வாரத்தில் ஒருநாள் பால்சுறாப் புட்டு. வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டினால் ஒரு தோசைக்கே வயிறு நிறைகிறது. குதிரைவாலியும் சமைக்கிறோம், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் விளைவதுதான். ஆனால் சிறுதானியம் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம், அதிலும் மாவுச்சத்து உண்டு. கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறுகிறது. கருவாட்டைக் குறைத்துவிட்டேன். அது சர்க்கரைக்காக இல்லை, உப்புக்காக. சுகரோடு பிரஷரும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

ஏலக்கூடத்து டீதான் கஷ்டமாக இருந்தது. விடிகாலை மூன்று மணியிலிருந்து எட்டு மணிக்குள் ஐந்தாறு டீ ஓடிவிடும். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் மொத்தத்தில் ஐம்பது கிராம் சீனிக்குக் குறையாது. இப்போது டீக்கடைத் தம்பி என்னைப் பார்த்ததும் சீனி போடாத டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிறான். பெருநாளுக்குக் கீழக்கரை நண்பர் தொதல் கொண்டுவருவார், அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்தது. ஒரு சிறிய துண்டு, சாப்பாட்டுக்குப் பின்னால், அன்றைக்குச் சோறில்லாமல். அவர் மனமும் நோகக் கூடாது.

படகுக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து போவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரம் தவறினால் 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். நடுக்கடலில் இருட்டில் இதைப் பார்க்கிறவர்கள் தலைசுற்றல் என்றோ குடித்திருக்கிறான் என்றோ விட்டுவிடக்கூடும். கரையில் எவ்வளவு சீனியை ஒதுக்கினாலும் படகில் ஒரு பொட்டலம் சீனியோ குளுக்கோஸோ நனையாமல் கட்டி வைத்திருங்கள். நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். கால்மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உங்களுக்குச் சுகர் இருப்பது கூட வருகிற ஆட்களுக்குத் தெரிந்திருக்கட்டும், இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

அடுத்தது கால். எங்கள் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிற அண்ணன் ஒருவருக்குப் பாதத்தில் கெளுத்தி முள் ஏறியது. சுகரால் கால் மரத்திருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. வெறுங்காலோடு ஐஸ் தண்ணியிலும் மீன் கழிவிலும் நின்றுகொண்டே இருந்தார். புண் தெரிந்தபோது விரல் கறுத்துவிட்டது, எடுக்க வேண்டியதாயிற்று. சித்திரை வெயிலில் கொதிக்கிற மணலும் சிப்பி ஓடும் நம் கால்களுக்கு எதிரிகள். நான் மூடிய ரப்பர் ஷூ போட்டுத்தான் ஏலத்துக்கு நிற்கிறேன். ராத்திரி படுக்கும்முன் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்த்துவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், இரண்டையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை.

எடை 79-லிருந்து 73-க்கு வந்திருக்கிறது. இடுப்பு 98 செ.மீ. இருந்தது, இப்போது 92. நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எச்பிஏ1சி 6.7. பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பற்றி டாக்டர் சொன்னார். சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களில், எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு வருடத்தில் மாத்திரையில்லாமலே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தார்களாம். பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர். மருத்துவர் கண்காணிப்பில் பல வாரம் ஒருநாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் சாப்பிட்ட ஆட்கள் அவர்கள், வீட்டில் தானாகச் செய்து பார்க்கிற காரியமில்லை. ஆனாலும் சுகர் வந்த புதிதில் எடை குறைப்பதற்கு இருக்கிற பலம் எனக்குத் தெம்பைத் தந்தது. இன்னும் நாலு கிலோ குறைய வேண்டும்.

இப்போது என் கவலை ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை வருகிற மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், ஏலம் இருக்காது, நானும் வீட்டில். நாட்டுப்படகு மீன் வரும், விலைதான் ஏறும். வேலை நாளில் தானாக நடந்துவிடுகிற நடையை அந்த இரண்டு மாதமும் நானாக நடக்க வேண்டும், காலையில் ஒரு சுற்று கூடுதலாக.

கூடப் பிறந்தவர்களும் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னதால் தொண்டியில் இருக்கிற தங்கச்சியை வற்புறுத்திச் சோதனைக்கு அனுப்பினேன். வெறும் வயிற்றில் 114, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 158. சுகர் இல்லை, எல்லையில் நிற்கிறாள். இப்படி எல்லையில் நின்றவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு அது சுகராக முற்றும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மச்சான்தான் சோற்றைக் குறைக்க விடமாட்டேன் என்கிறார், மெலிந்துவிட்டால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை தொண்டிக்குப் போகிறேன். மீட்டரும் புது ஊசியும் பையில் எடுத்து வைத்துவிட்டேன், பேசுவதற்கு முன்னால் மச்சானுக்கும் ஒரு துளி பார்த்துவிட வேண்டும்.