நூலகம் எரிந்த இன்னொரு ஊர்

பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில், விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியால் ஒரு சுரங்கம் போகிறது. ஊர் முற்றுகைக்குள் கிடந்த 1993இல் தோண்டியது, ஏறத்தாழ 800 மீட்டர் நீளம். மாவு, மருந்து, எரிபொருள், ஆயுதம் என்று எல்லாம் ஊருக்குள் வந்தது அதன் வழியாகத்தான். இஸ்தான்புல்லில் இருந்து வந்த எங்கள் விமானம் அந்த ஓடுபாதையில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை மலை, நடுவில் நீளவாக்கில் ஊர். 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை 1,425 நாட்கள் அந்த மலைகளில் இருந்துதான் பொஸ்னிய செர்பியப் படைகள் ஊரை அடித்தன. 11,541 பேர் செத்துப்போனார்கள். மேலே பீரங்கியோடு நிற்பவனுக்குக் கீழே ஒவ்வொரு சந்தியும் தெரியும் என்பது, விமானம் தாழ இறங்கும்போதே விளங்கிவிடுகிறது.

நான் போனது சர்வதேசப் பத்திரிகை நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உலக மாநாட்டுக்கு. ஐபிஐ என்று சுருக்கிச் சொல்வார்கள். 1950இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 15 நாடுகளைச் சேர்ந்த 34 ஆசிரியர்கள் கூடித் தொடங்கியது, தலைமையகம் வியன்னாவில். இலங்கைக்காரர்களுக்கு அந்தப் பெயர் லசந்த விக்கிரமதுங்க வழியாகத் தெரிந்திருக்கும். 2009 ஜனவரி 8இல் கொழும்பில் கொல்லப்பட்ட சண்டே லீடர் ஆசிரியரை, மறு ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர வீரராக அறிவித்தது இந்த அமைப்புதான். அதே கௌரவத்தைப் பெற்றவர்களில் சரயேவோக்காரர் ஒருவரும் உண்டு: கெமால் குர்ஸ்பாஹிச். அவரிடம் பிறகு வருகிறேன்.

மாநாடு மே 22 தொடங்கி 24 வரை. செயற்கை நுண்ணறிவு, சந்தா, வருமானம் பற்றிய பேச்சுகளை இங்கே எழுதப்போவதில்லை. அவை எந்த ஊரில் நடந்திருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும். சரயேவோவில் கூடியதற்கு அர்த்தம் கொடுத்த விஷயங்கள் வேறு. பொஸ்னியாவின் இரு பகுதிகளில் ஒன்றான செர்ப் குடியரசு, 2023 ஜூலையில் அவதூறை மறுபடியும் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்துவிட்ட சட்டம் அது. இனி ஒரு நிருபர் அமைச்சரைப் பற்றி எழுதினால் சிவில் வழக்கோடு முடியாது, பொலிஸ் விசாரணையில் போய் நிற்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ அதே 2024 வசந்தத்தில்தான், பத்திரிகையாளர்களை மிரட்டப் போடும் வழக்குகளுக்கு எதிரான விதிமுறையை நிறைவேற்றியிருந்தது. 2017இல் மால்டாவில் கார்க் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட டாஃப்னி கருவானா கலிசியாவின் பெயரால் அதை அழைக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகள், சட்டம் எதிரெதிர்த் திசையில் போகிறது.

காஸாவின் பெயரைச் சொல்லாமல் அங்கே யாரும் நீண்ட நேரம் பேசவில்லை. அந்த மாதம்வரை அங்கே செத்த செய்தியாளர்களும் ஊடகப் பணியாளர்களும் நூறைத் தாண்டியிருந்தார்கள். முற்றுகைக்குள் இருந்து செய்தி கொடுப்பது என்றால் என்ன என்று சரயேவோக்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மறுநாள் அமர்வுகள் தொடங்க முன் வியெச்னிட்சாவைப் பார்க்கப் போனேன். மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில், பழைய கடைத்தெருவான பஷ்சர்ஷியாவின் ஓரத்தில் நிற்கிற நகர மண்டபம். ஒஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியில், 1896இல் திறந்தது. மூன்று பக்கக் கட்டடம். மஞ்சளும் செம்மண் நிறமுமாகப் பட்டை பட்டையாய் வெளிச்சுவர், உள்ளே வளைவு வளைவாகத் தூண்வரிசை, மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. அதே கரையோரம் கொஞ்சத் தூரம் நடந்தால், 1914இல் ஒஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்ட மூலை. உலகம் முழுக்க அந்த மூலையைப் படம் எடுக்கத்தான் வருகிறது. நான் வியெச்னிட்சாவின் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கட்டடம் நாட்டின் தேசிய நூலகமானது. 1992 ஓகஸ்ட் 25 இரவு மலையில் இருந்து எரிகுண்டு அடித்தார்கள். தீ மறுநாளும் எரிந்தது. தீயணைக்கப் போனவர்களையும் சுட்டார்கள். வாசல் பக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இருபது லட்சத்துக்கும் அதிகமான நூல்களும் இதழ்களும் ஆவணங்களும் அழிந்தன என்று சொல்லி, மறக்காதீர்கள், நினைவில் வையுங்கள், எச்சரியுங்கள் என்று முடிகிறது. எரித்தவர்களைச் ‘செர்பியக் குற்றவாளிகள்’ என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த முற்றுகைக்குள் ஊரோடு இருந்து பட்டினி கிடந்த செர்பியர்களும் இருந்தார்கள். அவர்களும் இந்த வாசலைக் கடந்துதான் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் அங்கே நின்று வேறு எதை நினைப்பான்? 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் எங்கள் நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள். வெளியே பலருக்குத் தெரிவது அவ்வளவுதான். அதே நாட்களில், 1959 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்துகொண்டிருந்த ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகத்தையும் எரித்தார்கள். நூலகத்தை எரிப்பவன் பத்திரிகையை விட்டுவைக்க மாட்டான். ஒன்றில் நேற்று இருக்கிறது, மற்றதில் இன்று. சரயேவோவிலும் அதே கணக்கு: ஓகஸ்டில் நூலகம் எரிய முன்பே, ஜூனில் ஊரின் பெரிய பத்திரிகைக் கட்டடம் எரிந்துவிட்டது.

அந்தப் பத்திரிகைதான் ‘ஒஸ்லொபோஜெனியே’. 1943இல் நாஜிகளுக்கு எதிரான போராளிகளின் தாளாகக் காட்டோரம் தொடங்கியது. தொண்ணூறுகளில் நெஜாரிச்சி பகுதியில் பெரிய இரட்டைக் கோபுரம், பக்கத்திலேயே அச்சுக்கூடம். முற்றுகை வந்தபோது அது முன்னரங்குக்குக் கிட்ட மாட்டிக்கொண்டது. கோபுரங்களை அடித்து நொறுக்கினார்கள். ஆசிரியபீடம் நிலத்துக்குக் கீழே, அணுகுண்டுக்குப் பயந்து யூகோஸ்லாவியக் காலத்தில் கட்டிய பதுங்கறைக்குள் போனது. போய்வருகிற வழி முழுக்கச் சினைப்பர் சூடு. அதனால் முறை வைத்து, முறை வந்தவர்கள் நாள்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்தால் அச்சு ஓடும். வெள்ளைத் தாள் தீர்ந்தால் கையில் கிடைத்த நிறத்தாளில் அடித்தார்கள். பிரதிகள் சில ஆயிரமாகச் சுருங்கின. விற்கிற ஆட்கள் வரமுடியாத நாட்களில் நிருபர்களே தெருவில் நின்று விற்றார்கள்.

பொஸ்னிய முஸ்லிம், செர்பியர், குரோவாசியர் மூவரும் ஒரே மேசையில் இருந்து அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிது. பிரதம ஆசிரியர் குர்ஸ்பாஹிச் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், துணை ஆசிரியர் கோர்தானா க்னெஜெவிச் செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். சேர்ந்து வாழவே முடியாது என்று மலையில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்குத் தினமும் ஒரு மறுப்பு அச்சாகி வந்தது. 1993இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்தப் பத்திரிகைக்கு சகாரோவ் பரிசு கொடுத்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. ஸ்வோர்னிக் நகர நிருபர் க்யாஷிஃப் ஸ்மய்லோவிச்சை, போர் தொடங்கிய அந்த ஏப்ரலிலேயே, அவருடைய அலுவலகத்தில் வைத்தே கொன்றார்கள்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று 3ஆம் நம்பர் டிராமில் ஏறினேன். பஷ்சர்ஷியாவில் இருந்து இலிஜா வரைக்கும் ஊரின் முழு நீளத்துக்கும் போகிற டிராம். வழியில் மஞ்சள் நிற ஹோட்டல் ஒன்று வரும். 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கட்டியது, முற்றுகைக் காலத்தில் வெளிநாட்டு நிருபர்கள் தங்கிய ஹொலிடே இன். முன்வாசல் சூட்டுக்கு நேரே இருந்ததால் பின்பக்கத்தால்தான் உள்ளே போய்வந்தார்கள். ஜன்னல் ஓரம் இருந்த ஒரு வயதானவர், நான் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே பார் என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் காட்டிய சில சுவர்களில் இன்னும் ஓட்டைகள் அப்படியே இருந்தன.

நெஜாரிச்சியில் இறங்கினால் பழைய கோபுரம் இல்லை. அந்த இடத்தில் இப்போது பளபளவென்று ஒரு சொகுசு ஹோட்டல். இன்னொரு நாளேட்டின் நிறுவனம் கட்டியது. உச்சியில் சுற்றுகிற உணவகம் வேறு. எதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம், ஊர் வாழத்தானே வேண்டும். ஆனால் உலகின் பத்திரிகைக்காரர்கள் தேடி வந்து பார்க்கவேண்டிய ஒரு நிலவறை அங்கே இருந்தது. அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

திரும்பி வந்து பழைய ஊருக்குள் நடந்தேன். செம்புப் பாத்திரம் தட்டுகிற தெருவில் துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கூட்டில் பேனா செய்து விற்கிறார்கள். என்னோடு வந்த மாநாட்டு நண்பர்கள் வாங்கினார்கள், எனக்குத் தொட மனம் வரவில்லை. ஒரு சின்னக் கடையில் கோப்பி குடித்தேன். நீளப் பிடி வைத்த செம்புக் கிண்ணத்தில் காய்ச்சி, பக்கத்தில் ஒரு துண்டு லோக்கும் இனிப்போடு கொண்டுவந்து வைப்பார்கள். மண்டி கீழே இறங்கும்வரை பொறுத்திருந்து, ஆறுதலாகக் குடிக்கவேண்டும்.

அந்தக் கடைக்கு எதிர்ச் சுவரில்தான் அவற்றைக் கண்டேன். ஏ4 தாள் அளவில் வரிசையாக ஒட்டிய மரண அறிவித்தல்கள். செத்தவரின் சின்னப் படம், பெயர், பிறந்த ஆண்டு, இறந்த நாள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர், அடக்கம் எப்போது, எங்கே. முஸ்லிம் என்றால் பச்சைக் கரை, கிறிஸ்தவர் என்றால் கறுப்புக் கரையும் சிலுவையும். இரண்டும் ஒரே சுவரில் அடுத்தடுத்து. கடைக்காரரிடம் கேட்டேன். பேப்பரிலும் இப்படித்தான் வரும், அவருடைய தாய் முதலில் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தான் என்றார். டெலிபோன் செத்துக்கிடந்த முற்றுகைக் காலத்தில் ஊருக்குள் யார் போய்விட்டார் என்று பல பேர் அறிந்தது ஒஸ்லொபோஜெனியேயின் அந்தப் பக்கங்களில்தான்.

எங்கள் ஊரில் பேப்பர் வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் இல்லாமல் கிடைத்த தாளில் பேப்பர் வந்ததை யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. 2006 மே 2 இரவு ஆயுததாரிகள் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் செத்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அதற்காக யுனெஸ்கோ அழைத்து உலகத்துப் பத்திரிகையாளர்கள் கொழும்பில் கூடியிருந்தார்கள். அதே ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதையை மூடியபோது தாள் தட்டுப்பாட்டில் பக்கங்கள் குறைந்தன. பேப்பர் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் வருவதுதான் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன். பெரிய புலனாய்வு, விருது எல்லாம் அதற்குப் பிறகு.

கடைசி நாள் பேச்செல்லாம் தண்டனை பற்றியே சுற்றியது. சரயேவோவை அடித்த தளபதி கலிச்சுக்கு ஹேக் நீதிமன்றம் 2006இல் ஆயுள் தண்டனை கொடுத்தது, பொஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவர் கராஜிச்சுக்கு 2019இல். அந்த வழக்குகளில் பிபிசியின் மார்ட்டின் பெல் போன்ற நிருபர்களும் சாட்சி சொன்னார்கள். நிருபர் கூண்டில் ஏறலாமா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. ஏறத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் ஏற விரும்பினாலும் எங்களுக்குக் கூண்டே இல்லையே என்று எழுந்து சொன்னேன். 2000 ஒக்டோபரில் ஊரடங்கு நேரத்தில் வீட்டில் வைத்துச் சுட்ட யாழ்ப்பாண நிருபர் நிமலராஜனுக்கும், உதயன் ஊழியர்களுக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டனை பெறவில்லை. மேடையில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் தேநீர் இடைவேளையில் உள்ளூர் நிருபர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். எரிந்துபோன ஈழநாட்டின் பழைய இதழ்கள் எங்காவது கிடைக்குமா என்று கேட்டார். 2005 முதல் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிற ‘நூலகம்’ இணையத்தளத்தைச் சொன்னேன். ஊர் ஊராக, வீடு வீடாக மிஞ்சிய தாள்களைத் தேடி மின்வருடி ஏற்றிவைத்திருக்கிறார்கள், காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம். அவர் அங்கேயே கைபேசியில் திறந்து எங்கள் பழைய பேப்பர் ஒன்றைப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாதவர், மரண அறிவித்தல் பக்கம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்.