கொசு மருந்து

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு வைத்த பெயர் ‘கொசு மருந்து’. டிங்கி வந்தால் சுகாதார இலாகாக்காரர்கள் குடியிருப்புத் தாமான் தாமானாகப் புகை அடிப்பார்களே, காலையில் என் யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பினால் அப்படித்தான் இருக்குமாம். 135 சிசி, டூ ஸ்ட்ரோக். 2011-இலேயே தயாரிப்பு நின்றுபோன மோட்டார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? பையன்களின் ஒய்-15 மோட்டாரைத் ‘தையல் மெஷின்’ என்பேன். 150 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், பட்டனை அமுக்கினால் போதும். (ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நல்ல மோட்டார்தான். அதை அவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.)

போன மாதம் பினாங்குத் தீவைச் சுற்றக் கிளம்பினோம். தஞ்சோங் பூங்காவில் பெட்ரோல் ஊற்ற நின்றபோதே வாய்ச்சண்டை.

“அண்ணே, தித்தி கெராவாங்ல உங்களுக்குக் காத்திருக்கவா, இல்ல நேரா பாலிக் புலாவ் போய் லக்சா சொல்லிடவா?” என்றான் கூட்டத்திலேயே சின்னவன்.

நானும் ஏதோ பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டே டாங்கி மூடியைப் பூட்டினேன்.

தப்பு அங்கேதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-டி ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. அதைத் தானாகக் கலந்துவிடும் பம்ப்பை எப்போதோ கழற்றிவிட்டேன். ஐந்து லிட்டருக்கு 150 மில்லி என்று கையால்தான் ஊற்றுவேன். அன்று ஆயில் போத்தல் என் பையிலேயே இருந்தது, பத்திரமாக.

டாங்கியில் மிச்சமிருந்த பழைய கலவை பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் வரை தாங்கியது. அணையைத் தாண்டி ஏற்றத்தில், மூன்றாம் கியரில் முறுக்கிச் சின்னவனை முந்தினேன். இரண்டு வளைவுகூடப் போயிருக்காது, பின்சக்கரம் இறுகி ஓர் இழுப்பு இழுத்தது. கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்டினேன். உதைத்தால் கட்டை அசையவில்லை. ஜாம்.

சின்னவன் திரும்பி வந்தான். பையைத் திறந்து போத்தலைப் பார்த்தான். சீல்கூடப் பிரிக்கவில்லை. ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லியிருக்கலாம்.

“ஏறி உட்காருங்கண்ணே.”

நியூட்ரலில் நான் உட்கார, அவன் பின்னால் ஓட்டிக்கொண்டே என் கால்மிதியில் ஒரு காலை ஊன்றி உச்சிவரை தள்ளினான். தையல் மெஷின் முனகவே இல்லை. அப்புறம் இறக்கத்தில் தானாக உருண்டேன். இருபது வருஷமாக ஓட்டும் சாலை. அங்கே சில்வண்டு கத்துவது அன்றுதான் என் காதில் விழுந்தது.

லக்சாவுக்கு நான்தான் காசு கொடுத்தேன். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றியபோது பட்டறைக்கு அவனும் வந்தான். கீறல் விழுந்த பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வீட்டில் பேனா போட்டு வைத்திருக்கிறானாம்.

இப்போதெல்லாம் பெட்ரோல் ஊற்ற நின்றால் என் பையிலிருந்து போத்தலை எடுத்து அவனே அளந்து ஊற்றுகிறான். ஊற்றிவிட்டு எனக்கு முன்னால்தான் போவான். புகை ஒத்துக்கொள்ளாதாம்.