மெஸ்ஸினாவில் பகல் பன்னிரண்டு மணி

எங்கள் கப்பல் வாரம் ஒருமுறை சிசிலித் தீவின் மெஸ்ஸினா துறைமுகத்தில் நிற்கும். காலையில் வந்து கட்டும், சாயங்காலம் கிளம்பிவிடும். பயணிகளுக்கு அது முழுப் பகல். பஃபேயில் வேலை பார்த்த எனக்கு, காலை மேசைகளைத் துடைத்து முடித்ததிலிருந்து மதியத்துக்குத் தட்டு அடுக்கும் வரை ஒன்றரை மணி நேரம்தான். யூனிஃபார்ம் மாற்ற, கேங்வேயில் கார்டைக் காட்ட, திரும்பும்போது பையை ஸ்கேனரில் போட என்றே அதில் அரை மணி கரைந்துவிடும். மிச்ச நேரத்தில் வைஃபை உள்ள காபிக் கடையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசுவேன்.

அந்த ஊர்ப் பேராலயத்தின் மணிக்கூண்டு துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம்தான். தினமும் பகல் 12 மணிக்கு அதில் உள்ள வெண்கல பொம்மைகள் அசைந்து ஆடும். சரியாக அந்த நேரத்தில் நான் சூப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். பார்த்துவிட்டு வரும் பயணிகள் சாப்பிட்டபடியே சொல்லிக்கொள்வார்கள்: சிங்கம் உறுமியதாம், சேவல் கூவியதாம். நான்கு மாதம் அதைக் கேட்டுக்கொண்டே காலித் தட்டுகளை எடுத்திருக்கிறேன்.

எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. 1908 டிசம்பர் 28 விடிகாலையில் நிலநடுக்கத்தில் அந்த ஊரே சரிந்தது. சில நிமிடங்களில் கடலும் ஏறி வந்தது. பேராலயமும் தப்பவில்லை. நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26 காலையில் எனக்குப் பத்து வயது. கடல் ஏறி வந்த ஊர் என்றால் எனக்கு அது அந்நிய ஊர் இல்லை. அப்படி அழிந்த இடத்தில் இருபத்தைந்து வருடம் கழித்து, 1933-இல், இந்தக் கடிகாரத்தை நிறுவியிருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து மனம் அங்கேயே நின்றது.

கப்பல் கரையில் நிற்கும்போதும் அதை ஆளில்லாமல் விட முடியாது. தீப்பிடித்தால் அணைக்க, பயணிகளைப் பத்திரமாக இறக்க, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் உள்ளே இருந்தாக வேண்டும். ஐ.பி.எம். என்போம். பட்டியலில் உன் பெயர் இருந்தால் அன்று கரை கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை தூத்துக்குடி அண்ணன் பெயர் அதில் இருந்தது. "எப்படியும் நான் இறங்க முடியாது தம்பி. உன் லஞ்ச் டூட்டிய நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்றார். முந்தின இரவு ஒன்றரை மணி வரை வேலை செய்தவர். அந்த மதியம் அவர் தூங்க வேண்டிய நேரம். கப்பலில் பணம் கடன் கேட்டால்கூடக் கிடைக்கும். தூக்கத்தை யாரும் விட்டுத்தர மாட்டார்கள். சூப்பர்வைசரிடமும் அவரே பேசி முடித்தார்.

சதுக்கத்தில் வெயில் கொளுத்தியது. ஓரியன் நீரூற்றின் பக்கம் நின்றேன். பன்னிரண்டு அடித்ததும் மேலே சிங்கம் கொடியை ஆட்டி, தலையைத் திருப்பி உறுமியது, மூன்று முறை. கூட்டமே அடங்கிப்போனது. அதற்குக் கீழே சேவல் இறக்கையை விரித்துக் கூவியது. இன்னும் கீழே குழந்தை, இளைஞன், வீரன், கிழவன் என்று வரிசையாக நகர, பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு அரிவாளை வீசிக்கொண்டே இருந்தது. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்.

என் கண் நின்றது சேவலின் இரு பக்கமும் மணியோடு நிற்கும் இரண்டு பெண்கள் மேல். தீனா, கிளாரென்சா. 1282-இல் எதிரிப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தபோது இரவுக் காவலில் இருந்தவர்கள் என்று ஊர்க்கதை. ஒருத்தி மேலிருந்து கற்களை உருட்டிவிட, மற்றவள் மணியடித்து, தூங்கிய ஊரை எழுப்பினாளாம். இப்போதும் கால் மணிக்கொரு தரம் மணியடிப்பது அவர்கள்தான். அவர்களைப் பார்த்தபோது, எனக்காகக் கண் விழித்து சூப் ஊற்றிக்கொண்டிருக்கும் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

அன்று அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. ஊரில் மணி மூன்றரை, காத்திருந்திருப்பாள். வீடியோவை மட்டும் அனுப்பினேன்.

ராத்திரி க்ரூ மெஸ்ஸில் அண்ணனிடம் அதைக் காட்டினேன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். "சேவல் நம்ம ஊர் சேவல் மாதிரியேதான் கூவுது" என்றார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஏப்ரனை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.