ஏழாம் வகுப்பிலிருந்து வரும் ரிக்வெஸ்ட்

ஜூனில் பள்ளி திறந்ததுமே இன்ஸ்டாகிராமில் ரிக்வெஸ்ட் வரத் தொடங்கிவிடும். முகப்பில் யாராவது ஒரு நடிகர் படம். பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கூடவே, ‘மிஸ் நான்தான், செகண்ட் பெஞ்ச்’ என்று ஒரு மெசேஜ். ஏழாம் வகுப்பென்றால் 12 வயது. அங்கே கணக்குத் தொடங்க 13 ஆகியிருக்க வேண்டும். பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு, பெரும்பாலும் அம்மாவின் போனிலிருந்து வருகிறார்கள்.

நான் யாரையும் சேர்ப்பதில்லை. மறுநாள் வராண்டாவிலேயே மடக்குவார்கள். “ஏன் மிஸ் அக்செப்ட் பண்ணல? இங்கிலீஷ் சார் பண்ணிட்டாரே!” பிளஸ் டூ முடிச்சிட்டு அனுப்புங்க, அன்னைக்கே சேர்த்துக்கறேன் என்று வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவேன்.

அந்த சார் நல்லவர், எனக்குத் தெரியும். பிள்ளைகள் மேல் உயிராக இருப்பவர். ஆனால் என் கவலை அவரைப் பற்றியதில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆசிரியரோடு சாட் பண்ணுவது சகஜம் என்று ஒரு பிள்ளைக்குப் பழகிப்போனால், நாளை கெட்ட எண்ணத்தோடு இன்னொருவர் அதே நேரத்துக்கு மெசேஜ் போடும்போது அதற்கு உறுத்தவே உறுத்தாது. அவரும் ‘ஹோம்வொர்க் முடிச்சாச்சா’ என்றுதான் ஆரம்பிப்பார். ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்பது பிறகுதான் வரும். பாலியல் நோக்கத்தோடு குழந்தையை ஆன்லைனில் விடாமல் தொடர்புகொள்வதும் குற்றம் என்று 2012 போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டம் வந்து நிற்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

‘அப்போ கஷ்டத்துல இருக்கிற பிள்ளை யார்கிட்ட சொல்லும்?’ என்று சக ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. பெற்றோரும் தலைமை ஆசிரியரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என் எண்ணை எடுத்து ஒரு மாணவி ராத்திரியில் தனியாக அனுப்பியிருந்தாள்: ‘மிஸ் முழிச்சிருக்கீங்களா. அப்பா குடிச்சிட்டு அம்மாவ அடிக்கிறாங்க.’ அதைப் பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்க முடியுமா? உடனே அந்த எண்ணுக்கே கூப்பிட்டு அவள் அம்மாவோடு பேசினேன். அடுத்த போன் தலைமை ஆசிரியருக்கு. மறுநாள் அவளை உட்காரவைத்து, இதை நான் யார் யாரிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று விளக்கினேன். பிள்ளை நம்மைத் தேடி வரலாம், வரவேண்டும். அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக நிற்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் எல்லோருடைய நோட்டிலும் முதல் பக்கத்தில் எழுத வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, பிள்ளைகளை ஆடவிட்டுத் தன் பக்கத்தில் ரீல்ஸ் போடும் ஆசிரியர்கள். லைக் எண்ணப் பிள்ளைகள் அங்கே போகாமல் வேறெங்கே போவார்கள்? ரிக்வெஸ்ட் அவர்கள் அனுப்பினாலும் அழைப்பு நம்முடையதுதான்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப்போகிறேன்: தனிச் சாட் இல்லை, குரூப்பில் பெற்றோர் கட்டாயம், ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் பிள்ளைகள் படம் இல்லை. இங்கிலீஷ் சாரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். முதல் கையெழுத்து தன்னுடையது என்றார்.